ஆறாம் தரத்தின் சொற்கள்: மலையகத்துக்குக் கலைச்சொல் வந்த வழி

இலங்கையின் பாடசாலைகளில் இடைநிலைக் கல்வி ஆறாம் தரத்தில் தொடங்குகிறது. ஐந்தாம் தரம் வரை சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரே பாடமாக இருந்தது அங்கே விஞ்ஞானமாகத் தனித்து நிற்கிறது. கணிதமும் வீட்டுக் கணக்கை விட்டு விலகித் தனக்கென ஒரு மொழியைப் பேசத் தொடங்குகிறது. திணிவு, சக்தி, ஆவியாதல், பங்கசு, காரணி, சுட்டி, திசைகொண்ட எண் போன்ற சொற்கள் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் பிள்ளையின் குறிப்புக் கொப்பியில் ஏறிவிடும். இவற்றுள் மலையகத்தில் பிறந்த சொல் ஒன்றுகூட இல்லை. சில யாழ்ப்பாணத்து மிசன் அச்சகங்களின் வழியை ஒட்டி வந்தவை, சில சென்னைச் சங்கங்களில் விவாதிக்கப்பட்டவை, பெரும்பாலானவை கொழும்பு அரச அலுவலகம் ஒன்றில் முத்திரை பெற்றவை. இன்னும் சில, பலரும் நினைப்பதைவிடக் கூடுதலானவை, பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை. சொற்கள் ஆயத்தமாகி நெடுநாள் சென்ற பிறகே அவற்றைக் கற்பிக்கும் வகுப்பறை தோட்டத்துக்கு வந்தது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான செய்தி.

வரலாற்றின் முதற்பகுதி யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க இலங்கை மிசன் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் ஐரோப்பியக் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அங்கு படித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் அட்சரகணிதத்தைத் தமிழில் ‘வீசகணிதம்’ என்ற நூலாகத் தந்தார். செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போய்விடுவதைக் கண்ட அவர், 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தமிழில் கற்றரின் உடலியல் நூல் 1857இலும், துருவிற்றின் சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இலும் வெளிவந்தன. 1875இல் வந்த இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. அந்தப் பெயரே கிறீனின் வழியைக் காட்டிவிடுகிறது. தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அங்கும் கிடைக்காதபோது ஐரோப்பியச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஏற்பது என்ற வரிசை அது. பின்னால் வந்த குழுக்கள் வடமொழிக்கு எவ்வளவு இடம் என்பதில் சண்டையிட்டுக்கொண்டனவே தவிர, இந்த வரிசையை யாரும் முற்றாகக் கைவிடவில்லை.

கிறீன் மானிப்பாயில் நூல்களை அச்சிட்ட அந்த ஆண்டுகளில் மலையகத்தில் கோப்பிக் காடு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் கங்காணிமாரின் கீழ் அங்கே வேலை செய்தார்கள். 1869இல் கோப்பி இலையில் ஒரு துரு நோய் காணப்பட்டது. அது ஒரு பங்கசின் வேலை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிக அளவில் நட்டுத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலையகத்தின் தலைவிதியை மாற்றியது ஒரு பங்கசு என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அந்தச் சொல்லைப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நூறு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

தோட்டப் பள்ளிக்கூடம் என்பது தொடக்கத்தில் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் ஓர் அறையோ கொட்டிலோதான். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தன. 1920 சட்டம் குறித்த வயது ஆறு முதல் பத்து வரை. பத்து வயதுக்கு மேல் பிள்ளை கொழுந்து பறிக்கவோ புல் வெட்டவோ போய்விடும் என்ற எண்ணம் அந்த வயதெல்லையிலேயே எழுதப்பட்டிருந்தது. இருந்த கணிதம் வேலைக்கான கணிதம். முழுநாள் கூலிக்குப் பேர் போட்டார்களா, அரைநாளுக்கு அரைப்பேர் போட்டார்களா, நிறுவையில் எத்தனை இறாத்தல், கூலிப் பதிவேடான செக்ரோலில் எவ்வளவு பிடித்தம் என்பவை பெரியவர்களுக்கு மனப்பாடம். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ‘இறாத்தல்’ தேயிலைத் தராசிலும் பாண் கடையிலும் புழங்கியது. அந்தக் கணக்கில் திசைகொண்ட எண் இல்லை என்றாலும், தொழிலாளரின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறையால் சுமத்தப்பட்ட கடனைக் கழித்துப் பார்த்தவர்களுக்குப் பூச்சியத்துக்குக் கீழே எண் உண்டு என்பது எந்த ஆசிரியரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் கலைச்சொல்லாக்கம் ஓர் இயக்கமாக உருவெடுத்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கி இதழ் ஒன்றையும் நடத்தினர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. 1936இல் சென்னையில் அது கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ தொகுப்பு 1938இல் வெளியானது. தமிழ் வேரிலிருந்து சொல் ஆக்க வேண்டும் என்ற கட்சிக்குக் கிடைத்த முதற்பெரிய வெற்றி அது.

இலங்கையில் 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே மொழிமூலமானது. 1950களில் அது படிப்படியாக இடைநிலைக்கு ஏறியது. அப்போதுதான் நெருக்கடி தெரிந்தது. வரலாற்றையும் புவியியலையும் தமிழில் நடத்தலாம், பௌதிகத்தையும் இரசாயனத்தையும் எந்தச் சொற்களால் நடத்துவது? அந்தப் பொறுப்பு அரசகரும மொழித் திணைக்களத்துக்கு வந்தது. பேராசிரியர்களும் ஆசிரியர்களும் தமிழறிஞர்களும் அமர்ந்த குழுக்கள் பாடம் பாடமாகச் சொற்றொகுதிகளை ஆக்கின. 1950களிலும் 60களிலும் வெளிவந்த அந்த மெல்லிய நூல்கள் அரச முத்திரையோடு வந்தவை. பாடநூல் எழுதுபவருக்கும் வினாத்தாள் தயாரிப்பவருக்கும் அவையே சட்டம். இதனால் இலங்கைத் தமிழ்க் கலைச்சொல்லுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரே பொருளுக்கு நூலுக்கு நூல் வேறு சொல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இலங்கையில் பருத்தித்துறை மாணவரும் மட்டக்களப்பு மாணவரும் ஒரே சொல்லையே எழுதினார்கள்.

அந்தக் குழுக்களின் கைவண்ணத்தை எழுத்துப்பெயர்ப்பில் நன்றாகக் காணலாம். ஜ, ஸ, ஷ, ஹ ஆகிய எழுத்துகளைத் தவிர்த்துத் தமிழ் இலக்கணத்துக்குள் அயற்சொல்லை அடக்க வேண்டும் என்பது அவர்களின் பிடிவாதம். ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், பொற்றாசியம், பற்றீரியா, மீற்றர், இலீற்றர், உவாற்று என்பன அப்படி உருவானவை. இவற்றுள் காபனீரொட்சைட்டு தனிச் சுவை உடையது. காபன் என்ற அயற்சொல்லும் ஒட்சைட்டு என்ற அயற்சொல்லும் நடுவில் ‘ஈர்’ என்ற தமிழ் எண்ணுப் பெயரடையைத் தாங்கி, புணர்ச்சி விதிப்படி ஒன்றாகிவிட்டன. மூலக்கூறில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் உண்டு என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. கண்டிப்பான புலவரும் கண்டிப்பான இரசாயனவியலாளரும் ஒரே மேசையில் இருந்தால்தான் இப்படி ஒரு சொல் பிறக்கும்.

எல்லாச் சொல்லும் இவ்வளவு அழகாக அமையவில்லை. ‘ஆர்முடுகல்’ என்பதைக் கேட்கும் பிள்ளைக்கு அதன் பொருள் உடனே பிடிபடாது. தமிழ்நாட்டின் ‘முடுக்கம்’ அதைவிட இலகுவானது. மறுபக்கம், ‘மீச்சிறு பொது மடங்கு’ என்பதைவிட இலங்கையின் ‘பொது மடங்குகளுட் சிறியது’ பேச்சோடு ஒட்டி நிற்கிறது, பொ.ம.சி. என்று சுருங்கியும் விடுகிறது. முக்கோணம் இங்கே முக்கோணி, நாற்கரம் நாற்பக்கல், பகா எண் முதன்மை எண், கணம் தொடை, ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு. இவை வெறும் வேற்றுமைகள். ஒரே சொல் இரு கரைகளிலும் இரு பொருள் தரும் இடம்தான் தொல்லை. இலங்கை மாணவருக்கு ‘நிறை’ என்றால் புவியீர்ப்பு இழுக்கும் விசை, பொருளின் அளவைக் குறிக்கத் ‘திணிவு’ உண்டு. தமிழ்நாட்டின் இன்றைய பாடநூலில் அந்தத் திணிவுக்குத்தான் ‘நிறை’ என்று பெயர், விசைக்கு ‘எடை’. சக்தி அங்கே ஆற்றல், வலு அங்கே திறன்.

இந்த வேறுபாடு மலையகத்துக்கு வெறும் புத்தக விவகாரம் அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வழிவகுத்தது. கப்பலேறித் தலைமன்னார் தாண்டிய குடும்பங்கள் பல நீலகிரியின் அரச தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன. கோத்தகிரியிலோ கூடலூரிலோ பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மலை பழகியது, கொழுந்து பழகியது, பேச்சும் பழகியது. விஞ்ஞானப் புத்தகத்தின் தமிழ் மட்டும் புதிது.

சொற்றொகுதிகள் ஆயத்தமாகியிருந்தும் அவை தோட்டத்துக்கு வராததற்குக் காரணம் வகுப்பு இல்லாமையே. 1960-61இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. மேலே படிக்க ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டும். அதற்குப் பஸ் காசும் சப்பாத்தும் வேண்டும், கொழுந்துக் கூடையை விட்டுவர வீட்டின் சம்மதமும் வேண்டும். 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆறாம் தரம் முதல் எல்லா மாணவருக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் பொதுப் பாடமாக்கியது. நாட்டின் மற்றப் பகுதிகளில் அது பெரும் மாற்றம். ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டத்தில் அந்தச் சீர்திருத்தம் சொன்ன ஆறாம் தரம் இருக்கவேயில்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்தே, 1970களின் பிற்பாதியில் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கின. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. ஆறாம் தரத்து விஞ்ஞான நூல் லயக் காம்பராவுக்குள் நுழைந்தது அப்போதுதான். சுவீடனின் உதவியுடன் 1980களில் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. விஞ்ஞானம், கணிதம் கற்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த ஆசிரியர்களை மலையகம் நீண்டகாலம் நம்பியிருந்தது. 1983 யூலை வன்முறைக்குப் பின் அந்த வரவு குறைந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, தோட்டத்தில் பிறந்தவர்களையே ஆசிரியராக்கும் வேலையைச் செய்தது. அதன் பிறகே ‘ஆவியாதல்’ பாடத்தின்போது கொழுந்து மடுவத்தையும் வாட்டும் தட்டுகளையும் உதாரணம் காட்டக்கூடிய ஆசிரியர் வகுப்புக்கு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் நொதித்தல் என்று சொல்லப்பட்டு வந்த செயல் உண்மையில் ஒட்சியேற்றம் என்பதையும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1940களிலிருந்து போராடி வந்த கொப்புள நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு என்பதையும் பிள்ளையின் கண்முன்னேயே காட்ட முடிந்தது.

கண்முன்னே காட்டுவதற்குப் பொல்பிட்டிய போல வேறு இடம் அரிது. களனி கங்கையாக இணையும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் செங்குத்தாக இறங்கும் இந்தச் சரிவில் நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் கைவிடப்பட்டு, 1950இல்தான் பழைய லக்சபான நிலையம் ஓடியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரில் ஓடும் விமலசுரேந்திர நிலையம் 1965இல் வந்தது. 1969இல் பொல்பிட்டியவில் 37.5 மெகாவாற்று வலுவுள்ள இரண்டு இயந்திரங்களுடன் 75 மெகாவாற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் அரசப் பெயர் சமனல. ஊரில் அது பவர் ஹவுஸ்தான். மேலே தேங்கிய நீரின் அழுத்த சக்தி குழாயில் இறங்குகையில் இயக்க சக்தியாகி, சுழலியைச் சுற்றி, மின்சக்தியாகிக் கம்பியில் ஏறுகிறது. ஆறாம் தரத்தில் அறிமுகமாகும் ‘சக்தி’ என்ற சொல்லுக்குத் தேவையான முழு வரைபடமும் இந்த ஒரு பள்ளத்தாக்கில் உண்டு. கம்பி முதலில் போனது கொழும்புக்கு. நிலையத்தைச் சுற்றியிருந்த லயங்களில் அதன் பிறகும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. வீட்டில் பல்ப் இல்லாமலே மின்சுற்றைப் படித்த தலைமுறை ஒன்று அங்கே உண்டு.

அந்த நிலையத்தின் சொற்களைக் கிளறினால் பிரான்ஸ் வெளிப்படும். சுழலிக்கு ஐரோப்பா முழுவதும் வழங்கும் பெயரை 1822இல் லத்தீன் வேரிலிருந்து ஆக்கியவர் குளோட் பூர்தன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். அவருடைய மாணவர் பூர்னெரோன் 1827இல் அதைச் செய்து ஓட்டிக் காட்டினார். மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர், லியோன் நகரத்து அந்திரே மரி அம்பியரின் பெயர். அமுக்கத்தின் அலகான பஸ்காலும் மின்னேற்றத்தின் அலகான கூலோமும் பிரெஞ்சுக்காரர்கள். மீற்றர், இலீற்றர், கிராம் ஆகிய மூன்றும் 1795 ஏப்ரல் 7ஆம் திகதி பிரெஞ்சுப் புரட்சி அரசு இயற்றிய சட்டத்தில் நிலைபெற்றவை. துருவத்திலிருந்து நடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீற்றர் என்று வைத்துக்கொண்டு, டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நிலத்தை அளக்க டிலாம்பரும் மெஷேனும் ஆறு ஆண்டுகள் அலைந்தார்கள். இலங்கை 1970களில் மீற்றர் முறைக்கு மாறியபோது தோட்டத்து நிறுவையில் இறாத்தல் போய்க் கிலோ வந்தது. அன்றாட வாழ்வில் தோட்டத் தொழிலாளர் மிக அதிகமாகச் சொல்லும் அளவைச் சொல் இன்று அதுதான். பறித்தது எத்தனை கிலோ என்பதில்தான் அன்றைய பேர் நிற்கிறது.

இரசாயனத்தின் பெயர்களும் பாரிஸில் பிறந்தவைதாம். 1787இல் கித்தோன் த மொர்வோ, இலவோசியே, பெர்த்தொலே, பூர்க்குருவா ஆகிய நால்வரும் சேர்ந்து புதிய பெயரிடல் முறையை வெளியிட்டனர். பொருளின் பெயரே அதன் கூறுகளைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. காபனீரொட்சைட்டை ஆக்கிய கொழும்புக் குழு அதே விதியின் வழி வந்தது. ஒட்சிசன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது, ஐதரசன் என்றால் நீரைப் பிறப்பிப்பது. 1790இல் ஷப்தால் சேர்த்தது நைதரசன். அமிலங்கள் எல்லாவற்றிலும் ஒட்சிசன் உண்டு என்று இலவோசியே எண்ணியது தவறு என்பது பின்னர் தெரிந்தது. ஐதரோகுளோரிக்கமிலத்தில் அது இல்லை. ஆகவே அந்தப் பெயரின் பொருளைத் தமிழாக்காமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. மொழிபெயர்த்திருந்தால் பழைய பிழையும் சேர்ந்து நிலைத்திருக்கும். தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் பிராணவாயு, உயிர்வளி என்று வழங்கியவை வேறு பண்பைப் பார்த்து வைத்த பெயர்கள், அதனால் அந்தச் சிக்கலில் அவை மாட்டவில்லை.

பிரெஞ்சு ஒரு மொழிப் பாடமாக மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு வந்ததென்று சொல்ல முடியாது. சாதாரண தரப் பரீட்சையில் அது ஒரு பாடம்தான், ஆனால் கற்பவர் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். தமிழும் பிரெஞ்சும் நேருக்கு நேர் சந்தித்த இடம் புதுச்சேரி. அங்கே முசே, துப்புய் என்ற இரு பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. சமயத்துக்கும் நிர்வாகத்துக்கும் பயன்பட்ட அளவுக்கு அது பள்ளிக்கூட விஞ்ஞானத்துக்குப் பயன்படவில்லை. 1980களுக்குப் பின் பாரிஸில் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகள் இன்று அதே அம்பியரையும் மீற்றரையும் அவற்றின் பிறந்த ஒலியிலேயே படிக்கிறார்கள். அங்கேயும் இடைநிலையின் முதல் வகுப்புக்கு ‘ஆறாவது’ என்றுதான் பெயர். பிரான்சில் வகுப்புகளைக் கீழ்நோக்கி எண்ணுவதால், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை ஐந்தாவதுக்குப் போகும்.

2000களின் தொடக்கத்தில் இலங்கை அரசு ஆறாம் தரம் முதல் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்கும் இருமொழிக் கல்வியை மீண்டும் அனுமதித்தது. ஆங்கிலத்தில் கற்பிக்கக்கூடிய ஆசிரியர் உள்ள நகரப் பாடசாலைகளே அதை எடுத்துக்கொண்டன. தோட்டப் பாடசாலைகளில் தமிழ் மொழிமூலமே தொடர்ந்தது. உயர்தரத்துக்குப் பின் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலமாகிவிடுவதால், சொற்றொகுதிக் குழுக்கள் அமைத்த பாதை பதின்மூன்றாம் தரத்தோடு நின்றுவிடுகிறது என்ற குறை பழையது. அதற்கு ஒரு பாதி விடையாக இன்றைய விஞ்ஞானப் பாடநூல்களில் அத்தியாய முடிவில் கலைச்சொல் அட்டவணை ஒன்று தரப்படுகிறது.  திணிவுக்கும் சக்திக்கும் ஒடுங்கலுக்கும் ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதை ஆறாம் தரத்துப் பிள்ளை அதிலிருந்தே பார்த்துக்கொள்கிறது.